வராதவர்களின் கணக்கு

மனநலப் பணியை அளக்க எல்லோரும் கேட்கும் எண் ஒன்று உண்டு: இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள்? செஞ்சி வட்டாரத்தில் மனநல சமூகப்பணியாளராக வேலை பார்க்கும் எனக்கு அந்த எண்ணின் மீது நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் சில மாதங்கள் ஒழுங்காக வந்துவிட்டுப் பிறகு வராமல் போனால், அவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தேறிவிட்டாரா, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாரா, வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்களா? அறிக்கைக்கு மூன்றும் ஒன்றுதான். வந்தவரிடம் பேசுவது என் தொழிலில் பாதி. வராதவரைத் தேடுவது மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்பார் இல்லை.

காகிதத்தில் நமக்குக் குறையில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982இலேயே வந்துவிட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. ஆனாலும், 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியேதான் இருந்தார்கள்.

மருத்துவர்கள் போதவில்லை என்று காரணம் சொல்வார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அது பொய்யில்லை. ஆனால் நான் தேடிப் போகிற பலர் ஒருமுறையாவது மருத்துவரைப் பார்த்தவர்கள். சீட்டும் மாத்திரையும் வாங்கிப் போனவர்கள். அதற்குப் பிறகுதான் நழுவியிருக்கிறார்கள்.

ஏன் நழுவுகிறார்கள்? உள்ளடங்கிய ஊரிலிருந்து செஞ்சிக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வருபவருடையதையும் சேர்த்தால் இரண்டு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகள் குவியும் நாட்களில் எங்கள் வரிசை குட்டையாகிவிடும். அடுத்தது பக்கவிளைவு. ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளால் காதில் கேட்கும் குரல்கள் அடங்கும். ஆனால் சிலருக்குக் கை விறைக்கும், நடை தளரும். நாற்று நடப் போகிற பெண்ணுக்கு விரல் மடங்காமல் போவது பிழைப்பே போவது. அளவைக் குறைக்கலாம், விறைப்புக்கு டிரைஹெக்ஸிபெனிடில் என்ற மலிவான மாத்திரை தரலாம். ஆனால் அதற்கு அவர் திரும்பி வரவேண்டுமே! அதற்குள் நிறுத்திவிடுகிறார். நிறுத்தியதும் நோய் பாய்ந்து வருவதில்லை. சில வாரம், சில மாதம் நன்றாகவே இருக்கும். "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான இருக்குது" என்று வீடு முடிவு கட்டிவிடும். பிறகு நோய் திரும்பும்போது, நிறுத்திய மாத்திரையின் நினைவு யாருக்கும் வராது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாராம்மா?" என்று கேட்டால், "சாப்பிடறாருங்க மேடம்" என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்வது அது. "மீதி அட்டையை எடுத்துட்டு வந்தீங்களா, காட்டுங்க" என்றால் உண்மை மேசைமேல் வந்துவிடும். வீட்டில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார்? அறுவடை முடிந்ததும் வேலைக்கு எந்த ஊர்? பயிருக்கு அடிக்கிற மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இந்தக் கேள்விகள் என் படிவத்தில் இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகியவை.

கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு நாட்டின் அனுபவமே இருக்கிறது. இலங்கையில் 1995வாக்கில் லட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்பான் போன்ற கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு அடுத்தடுத்துத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மனநல மருத்துவர்கள் பெருகி நடந்த மாற்றமல்ல அது. கையெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு விலகியதால் நடந்தது. இங்கும் அப்படி எல்லா நஞ்சும் விலகும் வரை, வீட்டிலுள்ள பயிர்மருந்து டப்பாவை வேறு ஒருவர் பூட்டி வைக்கும்படி சொல்வது என் வேலை.

செஞ்சிக்குப் பக்கத்திலேயே மேல்மலையனூர். அமாவாசை இரவு அங்காளம்மன் ஊஞ்சலைப் பார்க்க வரும் கூட்டத்தில், பேய் பிடித்ததென்றும் ஏவல் என்றும் நம்பி அழைத்து வரப்படுபவர்கள் உண்டு. கோயிலா மாத்திரையா என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் தோற்பது மாத்திரைதான். அமாவாசையை ஒட்டித் தேதி கொடுக்க மாட்டேன். இரவு மாத்திரையை மடித்துக் கையில் கொடுத்து, "கும்பிட்டுட்டு இதையும் போட்டுக்கோங்க" என்பேன். தர்கா ஊரான ஏர்வாடி கற்பித்த பாடம் இது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் பிணைத்து வைக்கப்பட்டிருந்த 28 பேர் அங்கே தீயில் மாண்டார்கள். பின்னாளில் அதே ஏர்வாடியில், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு மருந்தும் தரும் 'தவா–துவா' திட்டத்தை அரசு கொண்டுவந்தது. விரட்டாமல், மக்கள் நம்பிப் போகும் இடத்துக்கே சிகிச்சையும் போனது.

வராதவரைத் தேடத் தமிழ்நாட்டுக்குத் தெரியாதா? கர்ப்பிணி ஒருவர் பரிசோதனைக்கு வராவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டு வாசலுக்கே போய்விடுவார். காசநோய் மருந்தை நிறுத்தியவரைத் தேடிப் போக முறை இருக்கிறது. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கிடங்கிலுள்ள மருந்துக்கெல்லாம் கணக்கு வைக்கிறது. மாத்திரைக்கு இருக்கும் கணக்கு, அதை நிறுத்தியவருக்கு இல்லை.

மனநோயில் ஒரு சிக்கல் உண்டு. வீடு தேடிப் போனாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் தேடுபவர் வேறு வேலையாக வந்தவராக இருக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகிறார்கள். அதே பையில் இந்த மாத்திரையும் போகட்டும், யாருக்கும் தெரியாது. 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவு அத்தியாவசிய மனநல மருந்துகளை எந்நேரமும் இலவசமாகத் தரச் சொல்வது சமூக சுகாதார நிலையம் முதல்தான். அதை ஆரம்ப சுகாதார நிலையம்வரை இறக்க வேண்டும்.

மருத்துவர்களை உருவாக்கப் பல ஆண்டு பிடிக்கும். மாத அறிக்கையில் இரண்டு வரி சேர்க்க ஓர் உத்தரவு போதும்: வரவேண்டியவர்களில் வராதவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைத் தேடிக் கண்டோம்? அப்படிக் கேட்கத் தொடங்கினால் முதல் ஓராண்டுக்கு எங்கள் எண்கள் அசிங்கமாகத்தான் இருக்கும். என்னையும் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். இதுவரை கேட்காததால்தான் அந்த வீடுகள் பூட்டியே கிடக்கின்றன.