பின்னிருக்கை

உலகில் ஆசனங்கள் பலவகை. அரசருக்குச் சிம்மாசனம், முனிவருக்குப் புலித்தோல், நீதிபதிக்கு உயர்ந்த நாற்காலி, மாணவருக்கு முதுகு சாய இடமில்லாத மரப்பலகை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமையோ, அல்லது ஒரு புகாரோ உண்டு. பெருமையும் இன்றிப் புகாரும் இன்றி இருக்கும் ஆசனம் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்கூட்டரின் பின்னிருக்கை.

மிதிவண்டிகளின் நகரம் என்று ஒரு காலத்தில் பெயர் பெற்ற புனே, இன்று மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டிகளின் நகரமாக விளங்குகிறது. நம் சங்கத்து அன்பர்களில் வண்டி இல்லாதவர் சிலர் இருக்கலாம். ஒரு நாளேனும் பிறர் வண்டியின் பின்னால் அமராதவர் இருக்கமாட்டார். ஆயினும் அந்த இருக்கையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. 'கொஞ்ச தூரம்தானே' என்று பொறுத்துக்கொள்கிறோம். அந்தக் கொஞ்ச தூரமே நாள்தோறும் போகும் தூரமானால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் கண்டேன். அதனையே இங்கே சொல்ல விழைகிறேன்.

எங்கள் குடும்பம் இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து கட்கிக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவுக்கு ஒரு தொழிற்கூடத்தில் இரவுக் காவல். அம்மாவுக்குக் கோத்ரூடில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்படுவேன். பல்கலைக்கழக நாற்சந்தியைக் கடந்து, சேனாபதி பாபட் சாலை வழியாகப் போனால் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துதான் எனக்குப் பௌதிக வகுப்பு. அந்த நேரத்தில் பஸ் பிடித்தால் நடுவில் மாற வேண்டும். அடுப்பு மூட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே எங்கள் பழைய ஸ்கூட்டர்தான் அம்மாவின் வேலைக்கும் என் படிப்புக்கும் அச்சாணி.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும்போது அம்மாவுக்கு இடுப்பில் வலி கண்டது. மருத்துவர் மாத்திரையோடு ஓர் உபதேசமும் தந்தார்: "குலுங்காமல் பிரயாணம் செய்யுங்கள்." புனேயின் வேகத்தடைகளை அறிந்தவர்கள் இந்த உபதேசத்தின் அருமையை உணர்வார்கள்! ஒரு நாள் இரவு, சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: "அடுத்த மாசத்தோட நின்னுடறேன் பாப்பா. கையும் காலும் கேக்குது, முதுகு கேக்கமாட்டேங்குது." அம்மா நின்றால் வீட்டு வரவில் பாதி நிற்கும். தம்பியின் பள்ளிச் சம்பளமும், எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக்கு நான் கட்ட வேண்டிய பணமும் அந்தப் பாதிக்குள்தான் இருந்தன.

ஆராய்ச்சியின் முதல் விதி, ஆராயப்படும் இடத்திற்கு நாமே போய்ப் பார்ப்பது அல்லவா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் நூல்சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். சங்கத் தோழி ஒருத்தியை ஓட்டச் சொல்லி, அம்மா அமர்வது போலவே ஒருபக்கமாக அமர்ந்து கோத்ரூடு வரை போய் வந்தேன். அந்த இருபது கிலோமீட்டரில் நான் கற்றது இயக்கவியல் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்குச் சமம்.

முதற்காரணம் இடம். வண்டியை ஓட்டுபவர் இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கிறார். பின்னால் அமர்பவரோ ஏறத்தாழப் பின்சக்கரத்தின் உச்சியிலேயே இருக்கிறார். ஒரு நீண்ட பலகையின் ஒரு முனையைத் தூக்கினால் நடுவில் இருப்பவர் பாதி உயரம் எழும்புவார். முனையில் இருப்பவர் முழு உயரமும் எழும்புவார். பின்சக்கரம் வேகத்தடை மேல் ஏறும்போதும் இதுவே நடக்கிறது. அதன்மேல் எங்கள் வண்டியின் சக்கரமோ பத்து அங்குலச் சக்கரம். பெரிய சக்கரம் தாண்டிவிடும் சிறு பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறுகிறது.

இரண்டாவது காரணம் எலும்பு. நாற்காலியில் அமர்ந்து, உள்ளங்கைகளை உங்கள் அடியில் வைத்துப் பாருங்கள். இருபுறமும் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உட்காரும் மனிதனின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குபவை அவ்விரண்டுமே. ஒருபக்கமாக அமரும்போது இவற்றுள் ஒன்று இருக்கையின் நடுவிலும் மற்றொன்று அதன் ஓரத்திலும் விழுகின்றன. இருக்கையின் ஓரமோ வளைந்து சரிந்த பகுதி. அங்கே மெத்தை அமுங்க, உடம்பு இடப்பக்கம் வழுக்குகிறது. வழுக்காதிருக்க முதுகெலும்பு முறுகுகிறது. பத்துக் கிலோமீட்டர் தூரமும் அந்த முறுகல் ஓய்வதில்லை.

மூன்றாவது காரணம் அதிர்வு. வினாடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வைத்தான் உட்கார்ந்திருக்கும் மனித உடல் மிகுதியாக உணர்கிறது என்பது அறிவியல் கண்ட உண்மை. வெறும் மென்மையான மெத்தை இதற்கு மருந்தாகாது. தகாத மெத்தை அந்த அதிர்வைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கியும் விடக்கூடும். மேலும் மிக மெத்தென்ற பஞ்சு ஒரே அமுக்கில் அடித்தகடு வரை போய்விடும். அதன்பின் நாம் அமர்ந்திருப்பது பஞ்சின் மேல் அன்று, தகட்டின் மேல்.

கால்கள் இருபுறமும் வருமாறு அமர்வதே பாதுகாப்பு என்பதை நான் அறியேன் அல்லேன். ஆனால் சேலையும் இடுப்பு வலியும் சேர்ந்த ஒருவரிடம் அதைச் சொல்வது எளிது, செய்விப்பது அரிது. சட்டம்கூடப் பின்னால் அமர்பவரின் உடையை மறந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க மிதி வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. கைக்கும் காலுக்கும் சேலைக்கும் இவ்வாறு வழி பிறந்தது. இடுப்புக்கு வழி நாமே தேட வேண்டும்.

ஸ்கூட்டர் பிறந்த கதையே சுவையானது. 1946ஆம் ஆண்டு இத்தாலியில் வெஸ்பாவை வரைந்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. உடையில் எண்ணெய் படக்கூடாது, பாவாடை அணிந்தவரும் எளிதாக ஏறி அமர வேண்டும் என்றெல்லாம் எண்ணி அவர் அதனை அமைத்தார். அந்த வமிசத்தில் வந்த 'சேத்தக்' 1972இல் வெளிவந்தது. நம் புனேயை அடுத்த ஆக்குர்டியில் உருவாகிப் பல்லாண்டுகள் நாடெங்கும் ஓடியது. 2020 முதல் அப்பெயர் மின்சார ஸ்கூட்டராக மீண்டும் ஓடுகிறது. பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் தனித்தனி ஆசனம், அடியில் சுருள்வில். பிற்காலத்தில் இரண்டும் ஒரே நீண்ட இருக்கையாயின. சுருள்வில்லின் இடத்தை ஃபோம் பிடித்தது. ஃபோம் என்பது பாலியூரித்தேன் நுரை. அந்த இரசாயனத்தை 1937இல் கண்டவர் ஜெர்மானியரான ஆட்டோ பேயர்.

முதலில் டயரின் காற்றையும் பின்பக்க அதிர்வுதாங்கியையும் சோதித்தேன். இரண்டும் சரியாகவே இருந்தன. பிறகு நானாபேட்டையில் இருக்கை தைக்கும் முதியவர் ஒருவரிடம் போனேன். மராத்தியில் சித்தப்பாவைக் 'காகா' என்பார்கள். மதிப்புக்குரிய ஒரு பெரியவரைக் காக்காயின் பெயரால் அழைப்பது போல் தோன்றி, புதிதாக வந்த காலத்தில் எனக்குச் சிரிப்பாக வரும். இப்போது பழகிவிட்டது.

காகா இருக்கையின் அடியில் இருந்த ஊசிகளை நெம்பி எடுத்து ரெக்ஸினை உரித்தார். பின்பாதியில் ஃபோம் அப்பளம் போல் தட்டையாகிக் கிடந்தது. தையல் துளை வழியே இறங்கிய மழைநீர் அதில் கருமை படரவிட்டிருந்தது. காகா அதனைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பின்னால் உட்காருவது யார்? எந்தப் பக்கம் கால் போட்டு உட்காருகிறார்?" நான் சொன்னேன். "அப்படியானால் அவரை அழைத்து வா" என்றார். இருக்கையை அளப்பதற்கு முன் இருப்பவரை அளக்க வேண்டும் என்ற நீதியை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது.

இடையில் ஃபோம் கடையில் மூன்று வகை மாதிரிகள் வாங்கினேன். கடைக்காரர்கள் 23, 32, 40 என்று எண் சொல்லி விற்பார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். சோதிப்பதற்கு நுட்பமான கருவி ஒன்றும் வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்துப் பத்து சென்டிமீட்டராக ஒரு கட்டியை வெட்டி நிறுத்துப் பாருங்கள். 40 என்று விற்றது 40 கிராம் இருக்க வேண்டும். 32 என்றது 32 கிராம். மளிகைக் கடைத் தராசே போதும். அடர்த்தி கூடினால் ஃபோம் நெடுநாள் உழைக்கும். ஆனால் அடர்த்தி வேறு, இறுக்கம் வேறு. இறுக்கத்தைத் தராசு சொல்லாது. அதற்குக் காகாவின் கட்டைவிரல் வேண்டியிருந்தது. மூன்றையும் அழுத்தி, விட்டு, எழும்பும் வேகத்தைப் பார்த்து, ஒன்றை எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை மாலை அம்மா கடைக்கு வந்தார். "உட்காருங்கள், தாயி" என்றார் காகா. மராத்தியில் 'தாயி' என்றால் அக்காள். அம்மாவின் காதில் அது 'தாயே' என்றுதான் விழுந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. அம்மா வழக்கம்போல் அமர்ந்தார். பாரம் விழும் இரண்டு இடங்களையும், தொடை தொடும் ஓரத்தையும் காகா சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டார். "இவ்வளவு நாளா இதுல எங்க நோவுதுன்னு யாரும் கேட்டதில்ல பாப்பா" என்று அம்மா மெல்லச் சொன்னார்.

வேலை நடந்த விதம் இது. தட்டையான பகுதியை மட்டும் கத்தியால் அறுத்து நீக்கினோம். இடப்பக்க ஓரத்தில் நான்கு அங்குல அகலத்துக்கு 'ரீபாண்டட்' வைத்தோம். அது ஃபோம் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திய, பலவண்ணப் புள்ளிகள் கொண்ட பலகை, எளிதில் அமுங்காது. அந்த ஓரம் இனிச் சரிய இடமில்லை. நடுவில் 40 அடர்த்தி. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அங்குலம் மட்டும் மென்மையானது. முன்பக்கச் சரிவை ஓர் ஆப்பு வடிவத் துண்டால் நிரப்பி, எனக்கும் அம்மாவுக்கும் இடையே சிறு மேடு வைத்தோம். பிரேக் போடும்போது அம்மா முன்னால் வழுக்காதிருக்க அது துணை. மொத்த உயரம் மட்டும் அரை அங்குலம்கூடக் கூடவில்லை. உயரம் கூடினால் அம்மா ஏறுவது கடினம். சிக்னலில் என் கால் தரையில் ஊன்றாது. ஆகவே அறுத்த அளவே நிரப்பினோம்.

ரப்பர் பசை காய்ந்தபின், ஃபோமின் மேல் பாலிதீன் தாள் விரித்தோம். தையல்கள் பாரம் விழும் இடத்தில் வராமல் பக்கவாட்டில் அமையுமாறு காகா ரெக்ஸினை வெட்டித் தைத்தார். வெயிலில் சற்றுக் காயவைத்தால் ரெக்ஸின் இளகும். முன்னும் பின்னும் முதலில் இழுத்து ஊசி அடித்து, பிறகு பக்கங்களை இழுத்தால் சுருக்கம் விழாது. எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். "ஒரு சீட்டுக்கா இவ்வளவு!" என்றார் அம்மா. எனினும் தடவிப் பார்த்தார்.

இரண்டு மாதங்கள் ஆயின. வலி மாயமாய் மறைந்தது என்று எழுதினால் படிக்க இனிமையாக இருக்கும். அது உண்மை அன்று. வலி இருக்கிறது, வண்டி அதனைக் கூட்டுவதில்லை. மருத்துவர் சொல்லிய பயிற்சிகளையும் அம்மா செய்கிறார். வேகத்தடை வரும்போது மிதியை ஊன்றி எழும்பும் வழக்கம் நின்றுவிட்டது. இன்னொரு மாற்றத்தையும் கண்டேன். முன்பெல்லாம் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, பேச்சே இன்றி வருவார். இப்போது பல்கலைக்கழக நாற்சந்தி தாண்டும் முன்பே இரண்டு தலைக்கவசங்களுக்கிடையே உரத்த குரலில் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டியது, பாட்டி சுட்ட அடை, அன்றைக்கு விடுதியில் என்ன குழம்பு என்று கோத்ரூடு வரை ஓய்வதில்லை. வேலையை விடும் பேச்சு மட்டும் அதில் வருவதில்லை.

அன்பர்களே, சுகம் என்றால் மென்மை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது அன்று, பாரம் விழும் இடத்தை அறிந்து, அதனைச் சரியாகப் பகிர்ந்து தாங்குவதே சுகம். பாரம் எங்கே விழுகிறது என்பதைத் தாங்குபவர்தான் சொல்ல முடியும். நம்மில் பலருடைய படிப்பு, பின்னால் அமர்ந்து வாய் திறவாமல் வரும் ஒருவருடைய உழைப்பில் ஓடுகிறது. இந்த வாரம் ஒரு மாலையேனும் சாவியை வேறொருவர் கையில் கொடுத்து, உங்கள் வண்டியின் பின்னிருக்கையில் நீங்களே அமர்ந்து, அவர் நாள்தோறும் வரும் வழி முழுவதும் போய் வாருங்கள். வீடு திரும்பியதும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே நாவில் வரும்.