அக்கா குடுத்தது விஷம் இல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில்ல சமையல் தொண்டு செய்றவங்க கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம கோயில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு ஒரு அக்கா பல வருஷமா சூரியகாந்தி எண்ணெய் வாங்கிக் குடுக்கிறாங்க. மாசம் ரெண்டு 5 கிலோ பாட்டில். அவங்க வீட்டுக்காரர் மாரடைப்புல தவறினவர். அவர் நினைவா குடுக்கிறாங்க. போன வாரம் சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னாங்க. வாட்ஸ்அப்ல வந்த வீடியோ ஒன்னைக் காட்டி, "தம்பி, விதை எண்ணெய் எல்லாம் விஷமாமே? இத்தனை வருஷம் நான் ஜனங்களுக்கு விஷமா குடுத்தேன்?"னு கேட்டாங்க. கண்ணு கலங்கிருச்சு.

எனக்கு உடனே பதில் வரல. நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன், ஃபேக்டரில சூப்பர்வைசர். ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னால நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவன். அதனால செக்அப் போனப்ப கேட்டேன், வீட்டுக்கு வந்து தேடியும் படிச்சேன். புரிஞ்சதைச் சொல்றேன்.

சூரியகாந்தி, சோயா, சோளம், கனோலா இதெல்லாம் விதை எண்ணெய். இதுல இருக்கிற ஒமேகா-6 உடம்புல வீக்கத்தைக் கிளப்பும்னு வீடியோ சொல்லுது. மனுஷங்களுக்குக் குடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள்ல அப்படி ஏறல. நெய், வெண்ணெய் மாதிரி கொழுப்பைக் குறைச்சிட்டு அந்த இடத்துல இந்த எண்ணெயைச் சேர்த்தா கெட்ட கொழுப்பு இறங்குது. அமெரிக்க இருதய சங்கமும் 2017-ல இதையேதான் சொன்னது. வீடியோவுல புகழ்ற தேங்காய் எண்ணெய்ல நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு. நாம பாக்கெட்ல வாங்கற செம்பனை எண்ணெய்ல பாதி. சூரியகாந்தியில சுமார் 10 தான்.

இன்னொன்னு. எள்ளு விதை இல்லாம வேற என்ன? எள் + நெய் சேர்ந்துதான் "எண்ணெய்"ங்கிற சொல்லே வந்துச்சு. நம்ம நல்லெண்ணெயே விதை எண்ணெய்தான்.

அப்படின்னா நம்ம கிட்ட தப்பே இல்லையா? இருக்கு. அது அக்கா பாட்டில்ல இல்ல, நம்ம சட்டில. அந்தத் தப்பைச் செஞ்சவன் நான்.

வடை, அப்பளம் பொரிச்ச எண்ணெயை நான்தான் வடிகட்டி டின்ல ஊத்தி வைப்பேன். அடுத்த வாரம் அதே எண்ணெய், மேல கொஞ்சம் புதுசு. கோயில் காசை மிச்சம் பண்றோம்னு பெருமையா நினைச்சேன். கருப்பாகி, நுரை கட்டி, சிக்கு வாடை அடிச்சாலும் ஊத்த மனசு வராது. யூகேஎம் பல்கலைக்கழகத்துல எலிகளுக்கு அஞ்சு தடவை சூடாக்கின எண்ணெயைக் குடுத்துப் பார்த்தாங்க. இரத்த அழுத்தம் ஏறிச்சு. எலிதான், மனுஷன் இல்ல. ஆனா சூரியகாந்தி மாதிரி எண்ணெய் திரும்பத் திரும்பக் கொதிச்சா சீக்கிரம் கெட்டுப் போகும்ங்கிறது உறுதி.

அளவும் முக்கியம். எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. நம்ம நாட்டுல 2023 சுகாதார ஆய்வுப்படி பெரியவங்கள்ல மூனு பேர்ல ஒருத்தருக்குக் கொழுப்பு அதிகம், ஆறு பேர்ல ஒருத்தருக்கு இனிப்பு நீர். நம்ம பந்தியில உட்கார்றவங்கதான் இவங்க.

இப்ப சமையல்கட்டுல செஞ்சிருக்கிற மாற்றம்:

1. அக்கா குடுக்கிற எண்ணெய் தாளிக்க, பிரட்ட மட்டும். கரண்டியால அளந்து ஊத்தணும்.
2. பொரிக்கிறது மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை தான். மத்த வாரம் சுண்டல்.
3. பொரிச்ச எண்ணெய் அடுத்த வாரத்துக்குக் கிடையாது. பழைய எண்ணெய் வாங்கற ஆளுக்குப் போட்டா காசு வரும், பயோடீசல் செய்றாங்க. தயவு செஞ்சு சிங்க்ல ஊத்தாதீங்க.

நேத்து அக்கா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். பழைய டின் கதையையும் மறைக்கல. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னா முன்னயே சொல்லுப்பா, அந்தக் கருப்பு எண்ணெயைத் தொடாதே"ன்னாங்க.

சரிங்கக்கா.

உங்க கோயில் சமையல்கட்டுலயும் ஒரு டின் மூலையில இருக்கும். இன்னிக்கே திறந்து பாருங்க. முருகா சரணம்.