சதுரங்கப்பட்டினத்துக் கிடங்குகள்

கல்பாக்கம் நகரியத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி நிற்கும் செங்கல் சுவர்களை எல்லோரும் டச்சுக் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் பீரங்கி உண்டு, மேலே காவல் மேடை உண்டு. உள்ளே போனால் கண்ணை நிறைப்பவை நீள நீளமான கிடங்குகள். இத்தனை பெரிய கிடங்குகளில் எதை வைத்தார்கள், அது யார் கையிலிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது 1602இல். பழவேற்காட்டில் காலூன்றிய அந்தக் கம்பெனி, 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தது. இரண்டுக்கும் இடையே, இந்தக் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினம். அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த கிழக்குத் தீவுகளிலோ சோழமண்டலக் கரைத் துணிக்குத்தான் மவுசு. ஆகவே இங்கே துணி வாங்கி, அங்கே அதைக் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் பெயர் பெற்றது.

வியாபாரம் நடந்த முறையைப் படித்தபோதுதான் இந்தச் சுவர்கள் எனக்குப் பேசத் தொடங்கின. கம்பெனி நெசவாளரிடம் நேராகப் போகவில்லை. உள்ளூர் வணிகர்களிடம் முன்பணம் கொடுக்கும். அவர்கள் ஊர் ஊராகத் தறிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நெய்த துணி கடற்கரைக்கு வந்ததும் நீளம், அகலம், நூலின் நெருக்கம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மட்டமென்று கழித்தால் நஷ்டம் தறிவரைக்கும் போய்ச் சேரும். தேறியதைப் பொதியாகக் கட்டி அடுக்கினார்கள். இங்கே கப்பல் கரையை அணைய முடியாது. ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் பொதியை ஏற்றி, அலையைக் கடந்து, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.

கோட்டைக்குள் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இறந்த டச்சுக்காரர்களின் பெயர்கள் கற்பலகைகளில் ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. வேலைப்பாடு அபாரம். அந்தத் துணியை நெய்தவர் ஒருவர் பெயர்கூட அந்த வளாகத்தில் என் கண்ணில் படவில்லை. அங்கே நின்றபோது அது என்னை மிகவும் வருத்தியது.

கம்பெனியின் கணக்கராக இங்கே வேலை பார்த்த யாக்கோப் ஹாஃப்னர் ஓரளவு ஆறுதல் தருகிறார். 1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தபோது சிறைப்பட்டவர் அவர். பிறகு சோழமண்டலக் கரையில் பல்லக்கில் போன பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1808இல் வெளிவந்தது. ஐரோப்பியர் இந்த மக்களுக்குச் செய்த கொடுமையை அந்தக் காலத்திலேயே வெளிப்படையாகக் கண்டித்த குரல் அவருடையது. ஊர் பிடிபட்ட அடுத்த ஆண்டே, 1782 பிப்ரவரியில், பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் இந்தக் கடலில்தான் மோதின. கடைசியில், 1824இல் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி டச்சுக்காரர் இந்தியாவில் வைத்திருந்த இடங்களெல்லாம் ஆங்கிலேயர் வசமாயின. இடையில் டச்சுக்காரரிடம் திரும்பியிருந்த இந்த ஊரும் அதில் அடக்கம்.

டச்சுக்காரர் வந்துதான் இது துறைமுகம் ஆயிற்றா? இல்லை. சம்புவராய மன்னர்கள் காலத்திலேயே, 14ஆம் நூற்றாண்டில், இது பட்டினமாக இருந்தது. இங்குள்ள பெருமாள் கோயிலின் பெயர் மலைமண்டலப் பெருமாள் கோயில். மலைமண்டலம் என்று கல்வெட்டுகள் சொல்வது சேர நாட்டை. மேற்குக் கரையோடு இந்த ஊருக்கு இருந்த பழைய உறவின் சுவடாகவே இதை நான் பார்க்கிறேன். கம்பெனி கிடங்கு கட்டியது, ஏற்கெனவே வியாபாரம் தெரிந்த ஊரில்.

ஆகவே இந்த இடத்தைக் கோட்டை என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. இது முதலில் ஒரு துணிக் கிடங்கு. கோட்டைச் சுவர் அதைக் காக்க எழுந்தது. மாமல்லபுரம் வரை வருகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே வந்து இதையும் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நெசவுக் குடும்பங்களில் பழைய முன்பணச் சீட்டோ, கணக்கு ஓலையோ, பாட்டன் சொன்ன கதையோ இருந்தால், தயவுசெய்து அழிய விடாமல் எழுதி வையுங்கள்.