பல்லுக்குப் போன இடத்தில்

மூன்று நாள் கிராம்புத் தைலம் வைத்தும் கடவாய்ப்பல் வலி அடங்காமல், எங்கள் பெரியப்பா சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி வந்தார். பிசான நடவு நேரம். பல்லைப் பிடுங்கிவிட்டு மத்தியானமே வயலுக்குத் திரும்பிவிட வேண்டும் அவருக்கு.

நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திறந்தார். டாக்டரம்மா, "ஐயா, மொதல்ல கைய நீட்டுங்க" என்றார்.

"பல்லுக்குல்லாம்மா வந்திருக்கேன்?"

புஜத்தில் பட்டையைச் சுற்றினார்கள். காற்று ஏறி இறுகியது. 188/112. வலியும் ஊசிப் பயமும் பிரஷரை ஏற்றும் என்று ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். 184/110. டாக்டரம்மா குறட்டைத் தொடவில்லை. மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் சேர்ந்திருக்கும்; பிரஷர் இந்த அளவில் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்கவும் நேரமாகும். வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்து, சீட்டு எழுதி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"புடுங்கத் தெரியாம சாக்கு சொல்லுதா" என்று வழியெல்லாம் பொருமினார் பெரியப்பா.

அறுபத்தேழு வயதில் அதுதான் அவர் முதன்முதலாகப் பிரஷர் பார்த்தது. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. மெஷினோடு வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் இவர் கன்னடியன் கால்வாய்க் கரையில் மடை திருப்பிக்கொண்டிருப்பார். ரத்தக்கொதிப்பு வலிக்காது, வலிக்காத நோய்க்கு எந்த விவசாயி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்? பல்வலிதான் அவரை இழுத்துவந்தது. அந்த ஒரு நாளை நழுவவிட்டிருந்தால், அடுத்து அவரை ஸ்ட்ரெச்சரில்தான் பார்த்திருப்போமோ என்னவோ.

மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் 140/86. அதே டாக்டரம்மாதான் பல்லை எடுத்தார். பொருமல் போய், இப்போது ஊரில் எவருக்குப் பல் வலித்தாலும் அவரிடமே கூட்டிப்போகிறார் பெரியப்பா.

எல்லாப் பல் கிளினிக்கிலும் இப்படிப் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல்லுக்குப் போகிறோம் என்று அன்றைக்கு அதை நிறுத்த வேண்டாம். அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். அது பல் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.