செமினியைக் கொடுத்து வாங்கிய கோட்டை

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் இறங்காது, மரம் முழுக்கப் பரவி வழிந்துவிடும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த கொஞ்சமும் மழைத் தண்ணீரோடு போய்விடும். விடியற்காலை இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மா ஏழு மணிக்கு முன்பே திரும்பி வந்து பால் வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தால் அன்றைக்கு வேலை இல்லை. சம்பளமும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நான் மோட்டாரை வெளியே தள்ளுவேன். சனி ஞாயிறுகளில் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் நாங்களும் கூடப் போக வேண்டும். மழை வந்தால்தான் விடுதலை.

1980களின் கடைசி அது. சிலாங்கூர் மாநிலத்துச் செமினியில் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர், இரண்டு ஹோண்டா கப்சாய். நெட்டையன், வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மகன், தோட்டத்து ஆபீஸ் கிராணியின் மகன், நான். கிராணி மகனுக்கு மட்டும் லயத்தில் வீடு இல்லை, தனி பங்களா. ஆனால் அவன்தான் எங்களைவிட அதிகம் லயத்தில் கிடப்பான்.

கோட்டைப் பைத்தியம் என் தாத்தாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் செஞ்சிப் பக்கத்து ஆள். கப்பலேறி வந்து நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியும், கோட்டை என்றால் அவருக்குச் செஞ்சிதான். ராஜகிரி உச்சிக்கு மூச்சு வாங்க ஏறியதையும், மேலே பள்ளத்தைக் கடக்க ஒரு பாலம் இருந்ததையும், ஏழு அடுக்கு கல்யாண மஹாலையும் சொல்லச் சொல்ல, வாயில் வெற்றிலை காய்ந்து போகும். அதோடு எம்ஜிஆர் படங்கள் வேறு. எங்கள் தலையில் கோட்டை என்றால் கருங்கல் மதில், யானை முட்டினாலும் திறக்காத கதவு, மேலே கொடி.

இந்த ஊரில் அப்படி ஒரு கோட்டை இருக்கிறதா என்று தேடியபோது, படிவம் ஐந்து வரலாற்றுப் பாடத்தில் கிராணி மகன் கண்டுபிடித்த பெயர் லுக்குட். போர்ட்டிக்சனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குன்றின்மேல் 1847இல் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டை.

"மழையில எவனாவது கோட்டைக்குப் போவானா? அங்க என்ன, உங்க தாத்தன் ராஜாவா இருந்தானா?" என்றார் அம்மா. திட்டிக்கொண்டேதான் நாசி லெமாக் கட்டிக் கொடுத்தார். வாழையிலை, அதற்குமேல் பழைய தமிழ் நேசன்.

பெரானாங், மந்தின், சிரம்பான், அங்கிருந்து போர்ட்டிக்சன் சாலை. மந்தினுக்கும் சிரம்பானுக்கும் நடுவே மலையைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் பாதை இருக்கிறதே, லெக்கோக் மந்தின், அதில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவன் டயர் வாரியடிக்கும் சேறு முழுக்க நம் முகத்தில்தான். மழைக்கோட்டுக்குப் பதில் உரப்பை வெட்டிப் போட்டிருந்தோம். மூன்றாவது வளைவில் நெட்டையனின் மோட்டார் சங்கிலி அறுந்தது. ஒருவன் பின்னால் உட்கார்ந்து காலால் உந்த, நான் முன்னால் மெதுவாக ஓட்ட, ஒரு மணி நேரம் கழித்துச் சிரம்பானில் ஒரு சீனர் பட்டறையை எட்டினோம். அவர் எங்கள் நான்கு பேரின் கோலத்தையும் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். கோத்தா என்றோம். சிரித்துவிட்டுக் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

லுக்குட் குன்றில் மதில் இல்லை. கதவு இல்லை. கொடியும் இல்லை. ஒரு மண்மேடு, அதைச் சுற்றி ஓடும் அகழி, உள்ளே புல், மரம், கொசு. கிராணி மகன்மேல் எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மண்டோர் மகன் அகழிக்குள் இறங்கி நின்று, "டேய், நம்ம தோட்டத்து காங்கோன் இதவிட ஆழம்டா" என்று கத்தினான். காங்கோன் என்றால் மழைத் தண்ணீர் ஓடுவதற்கு நிரைக்கு நிரை வெட்டிப் போடுகிற கால்வாய். வெட்டுக்காட்டில் பிறந்தவன் வேறு எதை அளவுகோலாக வைப்பான்?

மழை வலுத்தபோதுதான் அந்த இடம் எங்களுக்குப் பிடிபட்டது. மேட்டின்மேல் விழுந்த தண்ணீர் உள்ளே தேங்காமல் சரிவு பார்த்து இறங்கி அகழியில் சேர்ந்தது. அரை மணி நேரத்தில் அகழி பழுப்பு நிறத்தில் நிரம்பி அசல் அகழியாகிவிட்டது. செம்மண் கரை சறுக்கியது. ஏறப் பார்த்த நெட்டையன் இரண்டு முறை விழுந்தான். கல் மதில் கட்டாதவன் மண்ணையும் மழையையும் வைத்தே வேலையை முடித்திருக்கிறான். அதைக் காய்ந்த நாளில் போய்ப் பார்த்தால் தெரியாது. இன்றைக்கும் யாராவது லுக்குட் போகிறேன் என்றால் நான் அக்டோபர், நவம்பர் மாதத்தில் போகச் சொல்வேன். சொன்னவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

ஈரத்தில் அட்டை வந்தது. எங்களுக்கு அது பழகிய உறவு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த புகையிலையை நனைத்துக் கணுக்காலில் தேய்த்திருந்தோம். காலில் எல்லோருக்கும் ஒரே சப்பாத்து: கறுப்பு ரப்பரில் அடியில் முள் வைத்த அடிடாஸ் கம்போங். பெயரில்தான் அடிடாஸ், சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைப்பது. அம்மா வெட்டுக்குப் போட்டுப் போவதும் அதேதான். முழுக்க ரப்பர் என்பதால் தண்ணீர் ஊறாது, கவிழ்த்துக் கொட்டினால் போதும், வழுக்குப் பாறையில் பிடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு அதைப் போட்டுப் போக வெட்கப்பட்ட காலம். இப்போது மலையேறும் குழுக்கள் ஆயிரம் வெள்ளி முதுகுப்பையை மாட்டிக்கொண்டு காலில் அதைத்தான் போட்டு வருகின்றன.

நாசி லெமாக் பொட்டலம் நனைந்து, நேசனின் எழுத்து இலைமேல் தலைகீழாக ஒட்டியிருந்தது. கோட்டைக்குள் இருந்த கிணற்றடியில் குந்தித் தின்றோம். அப்போதுதான் கிராணி மகன், போன கோபத்துக்கு ஈடுகட்டுவது போல, தன் நோட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துவிட்டான்.

லுக்குட் அந்தக் காலத்தில் சிலாங்கூருக்குச் சொந்தம். செமினியும் பெரானாங்கும் சுங்கை ஊஜோங் பக்கம். 1878இல் எல்லை ஒப்பந்தம் போட்டு, லுக்குட் சுங்கை ஊஜோங்குக்குப் போனது, செமினி சிலாங்கூருக்கு வந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நெட்டையன், "அப்ப நம்ம ஊர குடுத்துட்டு இந்த மண்மேட்ட வாங்கியிருக்கானுங்க" என்றான். யாருக்கு நட்டம் என்று திரும்பும் வழியெல்லாம் சண்டை. லுக்குட்டில் ஈயம் அள்ளித் தந்த நாள்கள் 1864இல் ராஜா ஜுமாட் இறந்ததோடு மங்கத் தொடங்கிவிட்டன, ஆகவே லாபம் சிலாங்கூருக்கு என்றான் கிராணி மகன். செமினியில் அன்றைக்கு என்ன இருந்தது, காடுதானே என்றான் மண்டோர் மகன். "அப்புறம் நம்ம தாத்தா வந்தாருடா" என்றேன் நான். சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கோலாலம்பூர் பிறந்த கதையிலும் அந்தக் குன்றுக்கு ஒரு பங்கு உண்டு. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ராஜா ஜுமாட்டின் உடன்பிறப்பு. அண்ணன் தம்பி சேர்ந்து மலாக்கா சீன வணிகர்களிடம் 30,000 டாலர் கடன் வாங்கி, 1857இல் 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றில் படகேற்றி அம்பாங் பக்கம் ஈயம் தோண்ட அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் 18 பேர். புதிதாக ஆள் அனுப்பித் தோண்டலைத் தொடர்ந்தார்கள். கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் சேற்றுமுனையில் கடைகள் எழும்பின. பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து தே தாரே குடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 69 பேர் நினைவுக்கு வருவார்கள். என் தாத்தாவோடு கப்பலில் வந்தவர்களிலும் காய்ச்சலில் போனவர்கள் உண்டு. தாத்தா அவர்களுடைய பெயர்களைச் சொல்வாரே தவிர எண்ணிக்கை சொன்னதில்லை.

லுக்குட்டுக்குப் பிறகு மழை வந்த வாரமெல்லாம் கோட்டைதான். கிள்ளானில் ராஜா மஹாடி கோட்டைக்குப் போனோம். வாசல் மட்டும் நின்றது. அபினுக்கு விதித்த வரியைக் கட்ட மாட்டேன் என்று மஹாடி முறுக்கிக்கொண்டதில் தொடங்கிய சண்டை, 1867 முதல் 1874 வரை சிலாங்கூரையே எரித்தது. வாசலைப் பார்க்க எங்களுக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மீதி நேரத்தை லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சோற்றோடு கழித்தோம்.

கோல சிலாங்கூர் மெலாவத்தி குன்று அப்படியல்ல. அங்கே பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கும். 1784இல் டச்சுக்காரன் பிடித்து, தன் கவர்னர் ஜெனரல் பெயரில் அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தான். மறு வருஷமே சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு மீட்டுக்கொண்டார். டச்சுப் பெயர் மட்டும் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் தங்கிவிட்டது. 1871இல் ஆங்கிலேயரின் ரினால்டோ கப்பல் குண்டு போட்டதும் இந்தக் குன்றின்மேல்தான். ஆனால் நாங்கள் அங்கே அதிகம் பார்த்தது குரங்கு. சாம்பல் நிறத் தாய் மடியில் பளீரென்று ஆரஞ்சு நிறக் குட்டி. மழைக்கு ஒதுங்கி மரத்தடியில் நின்ற எங்களோடு ஒன்று வந்து நின்றது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. நெட்டையன் கச்சான் நீட்டினான். அது கச்சானை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கை எவ்வளவு சில்லென்று இருந்தது என்பதை அவன் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னான்.

1990களின் நடுவில் தோட்டம் விலைபோனது. மரம் சாய்ந்தது, லயம் காலியானது. மண்டோர் மகன் சிங்கப்பூர் போனான். கிராணி மகன் வக்கீல். தொடர்பில் இருப்பவன் நெட்டையன் மட்டும், காஜாங்கில் டயர் கடை.

போன நவம்பரில் இருவரும் புரோகா மலை ஏறினோம். சிறுவயதில் எங்களுக்கு அது வெறும் லாலாங் மலை. மாட்டுக்குப் புல் அறுக்கும் ஆட்களைத் தவிர யாரும் போகமாட்டார்கள். சுமார் 400 மீட்டர்தான். இப்போது விடியலுக்கு முன்பே கைவிளக்கு வரிசை மேலே போகிறது. உச்சியிலிருந்து செமினி முழுதும் தெரிந்தது: 2005இல் வந்த நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகம், செம்பனை, அப்புறம் ஓட்டுக்கூரை, ஓட்டுக்கூரை, ஓட்டுக்கூரை.

"அந்த நீலத் தண்ணித்தொட்டி தெரியுதா? அதுக்கு இந்தாண்ட நம்ம லயம்" என்றான்.

"இல்லடா, அந்தாண்ட. முனீஸ்வரன் கோயில் அரசமரம் தொட்டிக்கு அந்தப் பக்கம்தானே நின்னுச்சு?"

"அரசமரம் ஆத்தோரம்டா."

"ஆத்தோரம் நின்னது வேப்பமரம்."

மேற்கே காஜாங் பக்கமிருந்து மழை நரைத்துக்கொண்டு வந்தது. தண்ணீர்த்தொட்டி முதலில் மறைந்தது. பிறகு கூரைகள். இறங்கும்போதும் அவன் விடவில்லை. எண்ணெய்க் கடை சின்னம்மாவை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டான். அவர் இரண்டுமே இல்லை, அது ஆலமரம் என்றார்.