தம்பிக்கு, சேலம் ஜி.எச்.சிலிருந்து



அப்பா இன்று காலை வார்டு வராண்டாவின் கடைசி வரை நடந்தார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போனில் பாதிப் பேச்சுதான் உன் காதில் விழுகிறது. மீதியை நீயாக நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாயாம். அதனால்தான் நீ வேலை பார்க்கும் போர்வெல் ரிக் வண்டிக்கு ஆள் மாற்ற வருகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆபரேஷனில் அப்பாவின் பெருங்குடலின் வலப்பக்கத்தைக் கட்டியோடு எடுத்துவிட்டு, சிறுகுடலை மிச்சக் குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வயிற்றின் மேலிருக்கும் தையலைப் பார்த்து நம் சனமெல்லாம் பதறுகிறது. டாக்டர்களின் கவலை உள்ளே இருக்கும் அந்த இணைப்பைப் பற்றித்தான். அது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், நாடி, டியூபில் வரும் நீரின் நிறம் என்று ஓயாமல் பார்த்தது அதற்காகத்தான். லாரிக்கு பாடி கட்டியே காலம் தள்ளிய அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. “புது ஜாயின்ட்டுல உடனே லோடு ஏத்தக் கூடாது, அதானுங்களே?” என்று டாக்டரிடமே கேட்டார்.

கசிவு எதுவும் இல்லை. காற்றுப் பிரிந்ததை அவர் கூச்சத்தோடு சொன்னபோது, நர்ஸம்மா வார்டுக்கே கேட்கும்படி “நல்ல சேதி!” என்றார். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அவரை எழுப்பிக் கட்டிலோரம் உட்கார வைத்தார்கள். “அறுத்த ஒடம்ப இப்படியா வதைக்கறது?” என்று பெரியம்மா சண்டைக்கே போய்விட்டார். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் கெலெட் என்ற டாக்டர் 1990களிலேயே, சீக்கிரம் நடக்கவும் சாப்பிடவும் விட்டால் நோயாளி சீக்கிரம் தேறுவார் என்று காட்டியிருக்கிறார். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் நடக்க விடுகிறார்கள். மூன்று உருண்டை வைத்த கருவியில் அப்பா மூச்சை இழுக்கிறார். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறார்.

பெரியம்மாவின் அடுத்த தடை முட்டைக்கு. தின்றால் புண் சீழ் வைக்குமாம். நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல்லில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா? சதை கூடுவதற்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. டாக்டரே கொடுக்கச் சொல்லிவிட்டார். அவித்து மசித்துக் குழைந்த சாதத்தோடு ஊட்டுகிறேன். இந்த விஷயத்தில் யார் பேச்சையும் கேட்கப் போவதில்லை.

பணத்துக்காக முதலாளியிடம் முன்பணம் வாங்காதே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, அட்டையைக் கொடுத்துவிட்டேன்.

இனி நீ எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்கிறேன். எடுத்த குடலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் குறைந்தது 12-ஐயாவது பார்ப்பார்களாம். அவற்றில் நோய் பரவியிருந்தால் கீமோ மருந்து ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு இது தெரியும், வாய்விட்டுக் கேட்கவில்லை. இப்போது அவசரப்பட்டு ஓடி வராதே, லீவைச் சேர்த்து வை. ரிப்போர்ட் வரும் தேதி தெரிந்ததும் சொல்கிறேன். டாக்டர் அறைக்குள் அப்பாவுக்கு ஒரு பக்கம் நானும் மறு பக்கம் நீயும் உட்கார வேண்டும்.

உன் அக்கா