நான்கு விரல் உயரத்தில்

ஆடி 28

ஆடிக் கிருத்திகை முடிந்தது. திருத்தணி மலையில் காவடிக் கூட்டம் குறைந்துவிட்டது. மணவூர் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்கு நிற்பவர்கள் மறுபடியும் தெரிந்த முகங்கள்தான்.

இந்தப் பக்கம் ஐப்பசி மழைக்குக் காத்திருக்காமல் ஆடி, ஆவணியிலேயே நல்ல மழை பிடித்துவிடும். பெய்த மழைக்குக் குன்றடி நிலத்தில் புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. நாலு ஏக்கர். கீழே பங்கனபள்ளியும் பெங்களூராவும் நிற்கிற தோப்பு, நடுவே மேடேறும் காலி நிலம், அதற்கு மேலே கல்லும் கரடுமாகச் செங்குத்தாகப் போகிற சரிவு. வீடும் அந்த நிலத்திலேயே இருப்பதால் புல் வளர்ந்தால் கவலைதான். கண்ணாடி விரியன் இருக்கிற மண் இது. குழந்தைகள் பின்கட்டுக்குப் போகும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

அப்பா காலத்தில் ஊர்ப் பெண்கள் கருக்கரிவாளோடு வந்து அறுத்துக் கட்டுக் கட்டாக மாட்டுக்கு எடுத்துப் போவார்கள். இப்போது மாடும் குறைந்துவிட்டது, அறுக்கிற கைகளும் குறைந்துவிட்டன. இளவட்டங்களை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்கள் விடியுமுன்னே ஏற்றிக்கொண்டு போகின்றன. நல்ல சம்பளத்துக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்திரம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஆவணி 2

எந்திரம் வாங்கப் போகிறேன் என்றதும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அதிகம் பேர் சொன்னது இரண்டு: ரோட்டவேட்டர் விட்டு ஓட்டிவிடு, இல்லையென்றால் மருந்து அடித்துவிடு.

இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது பக்கத்து மேட்டு நிலம் புதிதாக உழுது கிடந்தது. மழை விட்டுப் போய்ப் பார்த்தால், உழவுச் சால் வழியாகவே தண்ணீர் இறங்கி முழங்கால் ஆழத்துக்கு ஓடை பறித்திருந்தது. மேல்மண் முழுவதும் வண்டிப்பாதையில் செஞ்சேறாகப் படிந்து கிடந்தது. அதே மழையில் எங்கள் சரிவில் ஓடிய தண்ணீர் பெரிய கலங்கல் இல்லாமல் இறங்கியது. இரண்டு நிலத்துக்கும் வித்தியாசம் புல் மட்டும்தான். மழைத்துளியின் அடியை இலை தாங்குகிறது, ஓடுகிற நீரின் வேகத்தைத் தண்டு குறைக்கிறது, மண்ணை வேர் பிடித்துக்கொள்கிறது. குன்றடி நிலத்தில் ஓர் அங்குல மேல்மண் போனால் என் ஆயுளில் அது திரும்பி வராது.

மருந்து விஷயமும் அப்படித்தான். பலரும் கேட்பது கிளைபோசேட். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. 2022-இல் மத்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவில் எதை அடித்தாலும் அது கீழே கிணற்றுப் பக்கம்தான் வரும்.

ஆகவே ஒன்று தீர்மானமாகிவிட்டது. புல்லை ஒழிக்கப் போவதில்லை. வெட்டி உயரத்தைக் குறைத்து வைக்கப் போகிறேன். நான்கு விரல் உயரம் நின்றால் மண்ணும் நிற்கும், பாம்பு கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

ஆவணி 5

எந்த எந்திரம் என்று கேட்பதற்கு முன்னால் சரிவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். கொத்தனாரிடம் மட்டக்குழாய் இரவல் வாங்கி வந்தேன். குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு குச்சிகளைப் பத்தடி தள்ளி நட்டு, இரண்டு பக்கமும் நீர்மட்டத்தில் குறி போட்டால் ஏற்றம் எத்தனை அடி என்று தெரிந்துவிடும். மேல்குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்குக் கணக்குப் பாடத்தில் வந்த டேன்ஜென்ட் இங்கே கண்ணெதிரே புரிந்தது.

கீழ்த்தோப்பில் பத்தடிக்கு ஓரடி ஏற்றம். ஆறு டிகிரிக்குள். நடுப்பகுதியில் இரண்டேகால் அடி, பதின்மூன்று டிகிரி போல. மேல்சரிவில் நாலடி, இருபத்திரண்டு டிகிரிக்கு அருகில்.

இந்த எண்கள் முக்கியம். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 15 டிகிரி. பத்தடிக்கு இரண்டேமுக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. அதைத் தாண்டினால் வண்டி கவிழும் அபாயம் உண்டு. அந்த எல்லையும் சமமான, காய்ந்த தரைக்குத்தான். ஈரப்புல்லும் உருண்டைக் கல்லும் கரையான் புற்றும் இருக்கிற இடத்தில் பதின்மூன்றையே எல்லையாக வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நிலம் ஒன்றுதான், ஆனால் புல்வெட்டுகிறவனுக்கு அது மூன்று நிலம்.

ஆவணி 9

அரக்கோணம் போய்க் கடைகளைச் சுற்றி வந்தேன். தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி பார்க்க அழகாக இருக்கிறது. சமதரையில் பூங்காவுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் சரி. அது பிறந்த கதையே அப்படித்தான். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை எந்திரத்தைப் பார்த்து, அதே உருளைக் கத்தியைப் புல்தரைக்கு மாற்றி 1830-இல் காப்புரிமை வாங்கினார். துணிபோல விரிந்த தரைக்கு வந்த கருவி. முழங்கால் புல்லும் கல்லும் உள்ள நிலத்தில் நாலடி போகாது.

எங்கள் நிலத்துக்கு நெருங்கி வருவது பிரஷ் கட்டர். அதில் சுழல்கிற நைலான் நரம்பை யோசித்தவர் அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பாலஸ். கார் கழுவும் எந்திரத்தில் நைலான் தூரிகைகள் சுழல்வதைக் கண்டு, மரத்தடிப் புல்லுக்கு அது ஆகுமே என்று 1971-இல் செய்து பார்த்தார். கத்தி போக முடியாத இடத்தில் நரம்பு வளைந்து போகும். கல்லில் பட்டால் நரம்புதான் தேயும், கத்தியைப் போல வாய் உடையாது.

தோளில் பட்டை மாட்டி இடுப்போரம் தொங்கவிடுவது ஒரு வகை, முதுகில் எஞ்சினைச் சுமப்பது இன்னொரு வகை. சரிவில் கால் வழுக்கினால் உடனே கழற்றி எறிய வசதியானது பக்கவாட்டில் தொங்குவதுதான் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

எஞ்சினில் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது அடுத்த கேள்வி. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்தே போகும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எப்படிச் சாய்த்தாலும் ஆயில் போய்ச் சேரும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக அடியில் தேங்கி நிற்கும். சாதாரணமாகச் சரிவில் சாய்த்து ஓட்டினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, எஞ்சின் காய்ந்து பிடித்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 மாதிரியான 35.8 சிசி எஞ்சின்கள் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. புகையும் சத்தமும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். விலை மட்டும் கூடுதல்.

ஆவணி 14

பள்ளிப்பட்டில் இருக்கிற மாமா மகன் தன்னுடைய பிரஷ் கட்டரைக் கொண்டுவந்தான். வாங்குவதற்கு முன்னால் நம் மண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

காலை ஆறரைக்குத் தொடங்கினோம். முழங்கால் வரை கனமான பூட்ஸ், முகத்துக்கு வலைத்தடுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. ஐம்பது அடிக்குள் யாரும் வரக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சிதறுகிற சரளைக்கல் எவ்வளவு வேகத்தில் வரும் என்பதை முதல் வீச்சிலேயே பூட்ஸில் உணர்ந்தேன்.

“கையால தூக்காதீங்க மாமா, தோள் தூக்கட்டும். கை வழி காட்டினா போதும்” என்றான். பட்டையை இரண்டு துளை இறக்கி மாட்டியதும் உண்மையிலேயே பாரம் பாதியானது போல இருந்தது. வலமிருந்து இடமாக அரைவட்டமாக வீச வேண்டும். வெட்டிய புல் இடது பக்கம், ஏற்கெனவே வெட்டிய தரையில் போய் விழும். சரிவில் மேலும் கீழுமாக ஏறி இறங்காமல் குறுக்காக நடக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. அப்படி விழுந்த புல் சரிவுக்குக் குறுக்கே வரிவரியாகக் கிடந்தது. இறங்குகிற மழைநீரை அதுவே தடுக்கும், மக்கினால் மாவுக்கு உரம்.

நடுப்பகுதி முழுக்கத் தர்ப்பையும் ஊசிப்புல்லும் கோரையும். நரம்பு சுலபமாக வெட்டியது. ஓரத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலங் கன்றும் தடித்திருந்த இடத்தில் மட்டும் மூன்று முனைக் கத்தியை மாட்டினோம். பார்த்தீனியம் இருந்த மூலையை எந்திரத்துக்கு விடவில்லை. அதன் துகள் பட்டால் தோல் அரிக்கும். மண் ஈரமாக இருக்கும்போது, பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதுதான் வழி.

புதிதாக நட்ட மாங்கன்றுகளுக்கு அருகில் போனதும் எந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். சுழலும் நரம்பு இளந்தண்டின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று காய்ந்துவிடும். கன்றைச் சுற்றி இரண்டடிக்குக் கருக்கரிவாள்தான். அந்த வட்டத்தில் வெட்டிய புல்லையே மூடாக்காகப் போட்டேன்.

ஆவணி 18

மேல்சரிவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு டிகிரியில், உருளும் கல்லில், எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மனிதன் ஏறக் கூடாது. அங்கே ஆட்டைத்தான் ஏற்ற வேண்டும்.

கீழ்த்தெருவில் செம்மறி வைத்திருக்கும் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். மெட்ராஸ் சிவப்பு என்கிற செந்நிற ஆடுகள், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சொந்த இனம். நம் வெயிலும் நம் புல்லும் அவற்றுக்குப் பழக்கம். “வெள்ளாட்ட மட்டும் ஏத்தாதீங்க தம்பி. அது தழைய தேடிப் போவும், மாங்கொம்ப எட்டிப் புடிச்சுத் தின்னும். செம்மறி தலையக் கவுத்தா புல்ல விட்டு நிமிராது” என்றார். மேய்ச்சலுக்குக் காசு வேண்டாம் என்றேன். அதற்கு அவர் அடுத்த மாங்காய் பறிப்பு முடிந்ததும் கீழ்த்தோப்பில் சில ராத்திரி கிடை போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். புழுக்கையும் மூத்திரமும் தோப்புக்கு. இரண்டு பேருக்கும் லாபம்.

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். புல் நான்கு விரலுக்குக் கீழே போகும் முன்னால் மந்தை இறங்கிவிட வேண்டும். அளவுக்கு மேல் மேய்ந்த சரிவும் உழுத சரிவும் மழைக்கு ஒன்றுதான். பெரியவர் உடனே தலையசைத்தார். அவருக்கு அது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆவணி 22

கீழ்த்தோப்பு கிட்டத்தட்டச் சமம். மரத்துக்கு மரம் முப்பதடி. அங்கே டிராக்டரின் பின்னால் பூட்டுகிற ரோட்டரி ஸ்லாஷர் தாராளமாகப் போகும். வருடத்தில் சில தடவை ஓட்டுவதற்காக அதைச் சொந்தமாக வாங்குவது வீண். வாடகைக்கு எடுத்தால் போதும். வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு எந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. 2018-இல் வந்த உழவன் செயலியில் அதற்கான விவரம் இருக்கிறது.

மானியமும் விசாரித்தேன். 2014-15-இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பாதி வரையும், மற்றவர்களுக்கு நாற்பது சதவீதம் வரையும் கிடைக்கும். முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகே கொள்முதல். அவசரப்பட்டு வாங்கிவிட்டுப் பிறகு கேட்கக் கூடாது.

கடைசியாக, எந்திரத்தை யார் பழுதுபார்ப்பார்கள் என்று பார்த்தேன். திருத்தணி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் மருந்துத் தெளிப்பான், பிரஷ் கட்டர் எல்லாம் பிரித்து வைத்திருந்தார்கள். கார்புரேட்டர், கிளட்ச் ஷூ, ஸ்டார்ட்டர் கயிறு, நரம்புத் தலை ஆகியவற்றில் எந்தக் கம்பெனிக்கு அன்றன்றைக்கே சாமான் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மெக்கானிக் சொன்ன இன்னொரு விஷயம் எல்லோருக்கும் பயன்படும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். வேலை இல்லாத மாதங்களில் டேங்கில் அப்படியே விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கிறவரை ஓட்டி வைத்துவிட வேண்டும்.

புரட்டாசி 5

எந்திரம் வந்து முதல் வெட்டு வேலை முடிந்தது. ஃபோர் ஸ்ட்ரோக், பக்கவாட்டில் தொங்குவது. நடுப்பகுதி முழுவதும் அதில் வெட்டியானது. கீழே ஸ்லாஷர் ஓடியது. மேலே செம்மறி மேய்ந்து இறங்கிவிட்டது. முழங்கால் புல்லை ஒரே வெட்டில் தரையோடு சிரைக்கவில்லை. ஒரே தடவையில் அதிகம் எடுத்தால் வேர் சோர்ந்துவிடும். இரண்டு சுற்றாகக் குறைத்துத்தான் நான்கு விரலுக்குக் கொண்டுவந்தேன். இப்போது குழந்தைகள் பின்கட்டுக்குப் போகும்போது தரை தெரிகிறது.

நம் பக்கத்தில் மேட்டு நிலம் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்ல விரும்புவது இதுதான். கடைக்குப் போய்க் குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் மட்டக்குழாயை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். சரிவை அளவிடுங்கள். கல்லைப் பாருங்கள். எந்தப் பகுதிக்கு எந்திரம், எந்தப் பகுதிக்கு அரிவாள், எந்தப் பகுதிக்கு ஆடு என்று பிரியுங்கள். பிறகு மெக்கானிக்கைக் கேளுங்கள். விலை கடைசிக் கேள்வி. ஐப்பசி அடைமழை வருவதற்குள் சரிவில் புல் உயிரோடு, குட்டையாக நிற்க வேண்டும். அதற்கு உதவுகிற எந்திரம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதுவே நம் நிலத்துக்கு ஏற்ற எந்திரம்.